இந்த மாதப் பண்பு: மன்னிப்பு

லாஃபியா நகரில் இருந்த அந்தத் தனியார் தொடக்கப் பள்ளியின் வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டங்களுக்கு ஊரில் நல்ல பெயர். அதற்குக் காரணம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை கஷிமானா. ஒத்துழைப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவள் உரை நிகழ்த்த மாட்டாள். உரலைத் தூக்கிவந்து மேடையில் வைத்து, இரண்டு பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு உலக்கை கொடுத்து, அவித்த பெருவள்ளிக் கிழங்கை இடிக்கச் சொல்வாள். தாளம் தப்பினால் உலக்கைகள் முட்டிக்கொள்ளும், கிழங்கு தெறிக்கும், பள்ளி முழுக்கச் சிரிக்கும். தாளம் கூடியதும் எல்லோரும் கை தட்டத் தொடங்குவார்கள். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது?

அக்டோபரில் பண்பாட்டு நாள் வரும். அதோடு மாதப் பண்பும் சேர்ந்துகொள்ளும். வாசல் பலகையில் அந்த மாதம் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தது: மன்னிப்பு.

பள்ளியின் உரிமையாளர் திருமதி அன்சாகு அவளை அறைக்கு அழைத்தார்.

"கஷிமானா, போன வருஷம் மாதிரி ஆட்டம் பாட்டம் மட்டும் போதாது. பெத்தவங்க போன்ல படம் பிடிச்சிட்டு நேரா சாப்பாட்டுப் பந்தலுக்குப் போயிடறாங்க. இந்தத் தடவை அழணும்."

"யாரு மேடம்?"

"எல்லாருந்தான்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீ டிவ் இனம், வயல்காரங்க. நம்ம நர்சரி ஆயா ஹூரே ஃபுலானி இனம், மாட்டுக்காரங்க. அவங்க ஆளுங்க உங்க ஊரை எரிச்சதையும் அதுல உங்க அப்பா போனதையும் நீ வேலைக்கு வந்த அன்னைக்கே சொன்னே. எனக்கு அது மறக்கவே இல்ல. நீ உங்க கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியைக் கட்டிக்கிட்டு நில்லு. அவ அவங்க உடுப்புல, தலையில பால் குடுவையோட வரட்டும். அவ மன்னிப்புக் கேக்கட்டும், நீ மன்னிச்சிரு. கட்டிப்பிடிங்க. அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் நடிப்பு எதுவும் இல்லை.

"அவங்க ஒத்துக்கணுமே மேடம்."

"ஏன் ஒத்துக்க மாட்டா? அவ பொண்ணு ஃபீஸ் இல்லாமதானே படிக்குது. அப்புறம், டிசம்பர்ல உன்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி நானும் பேசணும்னு இருந்தேன்."

இரண்டு வருடமாகக் காலையில் மணி அடிக்குமுன் கஷிமானாவும் ஹூரேயும் நர்சரிப் பின்கட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வாசலில் வாங்கிய காராமணி வடையையும் கம்பங்கூழையும் பகிர்ந்து சாப்பிட்டு வந்தார்கள். மேடத்தின் புதுச் சவுரி, ஹூரேயின் மகள் ஐசத்துவுக்கு ஆடும் பல், எந்த மளிகைக்காரன் அளவில் ஏய்க்கிறான் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். எந்த ஊர், ஏன் விட்டு வந்தாய் என்பதை மட்டும் இருவரும் கேட்டதில்லை. ஒருத்தி வயல்காரர் வீட்டுப் பெண், மற்றவள் மாட்டுக்காரர் வீட்டுப் பெண். பெயரைச் சொன்னாலே தெரிந்துவிடும். தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஊரை விட்டு வந்த பிறகு கஷிமானாவுக்கு வாய்த்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பெஞ்சுதான். அதை இழக்க அவளுக்கு மனமில்லை. வேலையை இழக்கவும் முடியாது.

மறுநாள் காலை, குழந்தைகளின் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஹூரேயிடம் சொன்னாள்.

"நான் என்ன சொல்லணுமாம்?"

"'எங்க ஆளுங்க செஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க'ன்னு. ஒரு வரிதான் அக்கா."

"எங்க ஆளுங்கன்னா யாரு கஷி? எங்க வீட்டுக்காரரா?" தம்ளரை உதறினாள். "மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவரு. மாடெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்துச்சு. அவரு கிடைக்கவே இல்ல."

கஷிமானா தம்ளரை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, "எங்க?" என்றாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். உங்க பக்கம்."

அன்று வடை ஆறிப்போயிற்று.

கஷிமானா வரிகளைப் புதிதாக எழுதினாள். முதலில் ஒருத்தி தான் இழந்ததைச் சொல்வாள், பிறகு மற்றவள் சொல்வாள், இருவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பார்கள். கூட்டம் அமைத்துப் பழகியவள் என்ற முறையில் அதில் தாளம் சரியாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. திருமதி அன்சாகு படித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் பாதியை அடித்தார்.

"ரெண்டு பேரும் அழுதா யாரு யாரை மன்னிக்கிறது? சின்னப் பிள்ளைங்க, குழம்பிடும்."

"ஆனா மேடம், அவங்க வீட்டுக்காரரும்..."

"பாவந்தான். அதை இன்னொரு மாசம் வச்சுக்கலாம். அனுதாபம்னு ஒரு பண்பு வருதில்ல?"

கஷிமானா தாளை மடித்துக்கொண்டு, "சரி மேடம்" என்றாள்.

ஹூரேயிடம் அதைச் சொல்ல இரண்டு நாள் ஆனது.

"ரெண்டு பக்கமும் எழுதினேன் அக்கா. மேடம் அடிச்சிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

கஷிமானா கீழே விழுந்த எதையோ தேடுபவள் போலக் குனிந்தாள்.

"சரின்னு சொல்லிட்டே."

"ஐசத்து படிப்பையும் நினைச்சுத்தான்..."

"உங்க பயத்துக்கு என் பொண்ணைத் துணைக்குக் கூப்பிடாதீங்க, டீச்சர்."

கஷி போய் டீச்சர் வந்தது. நீ போய் நீங்க வந்தது. ஹூரே குரலை உயர்த்தவே இல்லை.

பண்பாட்டு நாளான வெள்ளிக்கிழமை பந்தல் நிறையக் கூட்டம். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் ஆடினார்கள். கடைசியாக இருவரும் மேடையேறினார்கள். ஹூரே வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமும் பின்னிய உடுப்பில், தலையில் குடுவையோடு நிமிர்ந்து நடந்து வந்தாள். பிள்ளைகள் 'ஆஹா' என்றார்கள். மூக்கு துடைத்துவிடும் ஆயா இவ்வளவு அழகாக இருப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

முன்வரிசையில் இருந்த திருமதி அன்சாகு திடீரென்று உள்ளங்கையைக் கீழே காட்டினார். மண்டியிடு. ஒத்திகையில் அது இல்லை. அந்த ஊரில் பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்வது வழக்கம்தான். ஆனால் கஷிமானா ஹூரேயைவிட ஆறேழு வயது இளையவள்.

ஹூரே குடுவையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"எங்க ஆளுங்க செஞ்சதுக்கு எங்களை மன்னிச்சிடுங்க."

கஷிமானா முந்தின இரவே ஒரு முடிவோடு இருந்தாள். மேடையில் யார் தடுக்க முடியும்? 'இவங்க வீட்டுக்காரரும் திரும்பி வரல, நாங்களும் இவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.' இவ்வளவுதான் வாக்கியம். வாயைத் திறந்தாள். எதிரே வரிசை வரிசையாக உயர்த்திய போன்கள். அவற்றின் நடுவே திருமதி அன்சாகு கைக்குட்டையோடு தயாராக இருந்தார்.

"மன்னிச்சிட்டேன்" என்றாள்.

பந்தல் அதிர்ந்தது. கட்டிப்பிடித்தபோது ஹூரேயின் உடம்பு கதவு மாதிரி இருந்தது. சில தாய்மார்கள் உண்மையாகவே அழுதார்கள். ஒருவர் வந்து கஷிமானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!" என்றார். ஹூரேயிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் உடுப்பை மாற்றிக்கொண்டு, நர்சரிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் வேப்ப மரத்தடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைக் கஷிமானா பார்த்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவர்களை வரிசையில் நிறுத்த விசில் வேண்டும். பக்கத்தில் போனாள்.

வரிசையின் முன்னால், செம்மண்ணில் ஐசத்து மண்டியிட்டிருந்தாள். கேலப் என்ற பையன் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். "தள்ளாதீங்கடா! ஒவ்வொருத்தரா வாங்க." ஒவ்வொரு பிள்ளையும் வந்து அவள் தலையில் கை வைத்து, "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

"என்னடா பண்றீங்க?"

"மன்னிக்கிறோம் ஆன்ட்டி" என்றான் கேலப், பாராட்டை எதிர்பார்த்து.

"அவ என்ன செஞ்சா?"

கேலப் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அவ ஃபுலானி, ஆன்ட்டி."

போன வாரம் வரை அந்த வகுப்பில் ஐசத்து வேகமாக ஓடுகிறவள், பல் விழுந்தவள், கணக்கில் காப்பியடிக்க விடாதவள்.

ஐசத்து நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. நாடகத்தில் முக்கியப் பாத்திரம் கிடைத்த பிள்ளையின் பெருமைதான் இருந்தது. "நான் எங்கம்மா மாதிரியே பண்றேன்ல, ஆன்ட்டி?"

"எழுந்திரு. எல்லாரும் கிளாஸுக்குப் போங்க. போங்க!"

வராந்தாவிலிருந்து திருமதி அன்சாகுவின் குரல் வந்தது. "நிறுத்தாதே கஷிமானா! இரு, இரு, போனை எடுத்துட்டு வரேன். நாம சொல்லிக்கொடுக்கவே இல்ல பாரு, தானா வருது!"

அதற்குள் நர்சரிப் பக்கமிருந்து ஹூரே வந்துவிட்டாள். கையில் ஈரம் சொட்டியது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. மகளின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை முதலில் ஒரு காலில், பிறகு மறுகாலில் தட்டிவிட்டாள்.

"அக்கா" என்றாள் கஷிமானா.

சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அவர்களுக்கிடையே ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை மேடையில் ஹூரே சொன்னது. பிள்ளைகள் யாரும் வகுப்புக்குப் போகவில்லை. காலைக் கூட்டத்தில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள் ஹூரே. "பிள்ளைங்க பார்க்குது."

மகளை அழைத்துக்கொண்டு நடந்தாள். ஐசத்து இழுபட்டுக்கொண்டே வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "இரும்மா" என்றாள். "இன்னும் கொஞ்சம் பேர் மன்னிக்கவே இல்ல."