ஆற்று மணலில் ஒரு பாவு

1

"அமாவாசையன்னிக்கும் ஊட்டுக்குள்ளயே உக்கோந்துக்கிட்டு யாரைக் காவல் காக்கறீங்க? தறி எங்கியும் ஓடிப்போயிடாதுங்க."

"மெதுவாப் பேசு புள்ள. பக்கத்தூட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அந்தக்கா காதைச் சுவத்துல வெச்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

வைத்துக்கொண்டுதான் இருந்தேன். மடியில் காகிதமும் கையில் பேனாவுமாக. சேலத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் கதை கேட்டிருந்தார். "மனசுக்கு இதமாக இருக்கட்டும். ஒரு நாள் குடும்பத்தோடு கிராமாந்தரம் போய்வருவது, மாலையில் விளக்கடியில் கூடியிருப்பது, இந்த மாதிரி. அழுகை வேண்டாம்" என்றார். இதமான குடும்பத்துக்கு நான் எங்கே போவது? சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் இவர்கள்தான்: தறிக்காரன் கந்தவேல், அவன் பெண்சாதி உண்ணாமலை. ஊர் திருச்செங்கோடு. வருஷம், உலகச் சண்டை வந்து நூலுக்குத் தட்டுப்பாடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

2

முதல் ஆரம்பம்:

'அந்தி மயங்கியது. ஆமணக்கெண்ணெய் விளக்கு முத்துப்போல் எரிந்தது. தறியிலே கணவன், ராட்டையிலே மனைவி. இரண்டு ஓசையும் இணைந்து எழுந்தபோது இதைவிட இன்பம் இவ்வுலகில்'

இந்த வாக்கியம் முடியாது. ஏனென்றால் மோர் வாங்கும் சாக்கில் போய் இதை உண்ணாமலைக்கே படித்துக் காட்டினேன். அவள் ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள்.

"இன்பம் யாருக்குங்க அக்கா? எழுதினவங்களுக்கா?"

"ஏன், உனக்கில்லையா?"

"தறியில குறுக்க ஓடற நாடாவுக்கு நான் தார் சுத்தோணும், குச்சியில நூலு. நான் நிறுத்தினா தறி நிக்கும். சுவத்துக்கு அந்தண்டை இருந்து கேட்டா சங்கீதமாத்தான் இருக்கும்."

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டிருந்த கந்தவேல் தலை நிமிர்ந்தான். "எனக்கு இன்பந்தானுங்க. ரெண்டு சத்தமும் சேந்து கேட்டுதுன்னா வேற ஊரு எதுக்கு? வேற நாட்டுக்குப் போறவன் கிறுக்கன்."

பொய் சொல்லும் முகமில்லை அது. எனக்குத்தான் சங்கடம். ஒரே விளக்கு, ஒரே மாலை. அவனுக்கு அது ஓய்வு, அவளுக்கு அது வேலை. இதை எப்படி இதமாக எழுதுவது?

3

அவள் கேட்டது பெரிதொன்றுமில்லை. ஜேடர்பாளையத்தில் அவள் தங்கை சின்னாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே காவிரி அணையோரம் ஒரு நாள் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும்.

"கையில ஒரு வேலையும் இருக்கப்படாது. ஒரு நாளு. வர்ற அமாவாசைக்கு அது ஆகலீன்னா, நான் தங்கச்சி ஊட்டுலயே இருந்துக்கறேன். திரும்ப மாட்டேன்."

கந்தவேல் உடனே ஒத்துக்கொண்டான். கதை எழுதுகிறவள் இந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தறியை விட்டு நாலடி நகராதவன் மறுபேச்சில்லாமல் வண்டிக்கார மாதையனிடம் போய் மாட்டு வண்டி பேசிவிட்டு வந்தான்.*

முந்தின நாள் பொழுது சாயக் கிளம்பினோம். (நானும்தான். ஏன் என்று கேட்காதீர்கள்; வண்டியில் இடம் இருந்தது.) வைக்கோலுக்கடியில் ஒரு பெரிய மூட்டை முட்டியது.

"அதென்னங்க?" என்றாள் உண்ணாமலை.

"சாஞ்சுக்கறதுக்கு," என்றான்.

* எங்கள் தறிக்காரர்கள் அமாவாசையில் தறியைத் தொடமாட்டார்கள். தொட்டால் ஆகாது என்பது வழக்கம். தறியைத் தவிர மற்றதைத் தொடலாமா என்று வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தில்தான் கந்தவேல் நுழைந்தான்.

4

'காவிரி அன்னை வெள்ளி உருக்கிவிட்டாற்போல்'

வேண்டாம். தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அணையின் மேலே வழிந்து விழும் இடத்தில் ஒரு குளிர்ச்சி வந்து முகத்தில் ஒட்டியது. உண்ணாமலை காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, சோற்றுமூட்டையை அவிழ்த்து, புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் வைத்தாள். கந்தவேல் அள்ளி அள்ளித் தின்றான். பிறகு மல்லாந்து படுத்து, தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்குது," என்றான்.

அவள் சிரித்தாள். பத்திரிகைக்காரர் கேட்ட கதை இவ்வளவுதான். இந்த இடத்தில் பேனாவை மூடியிருந்தால் எனக்கும் நிம்மதி.

அவன் எழுந்து வண்டிக்குப் போனான். மூட்டையை அவிழ்த்தான். உள்ளே பாவு. நெசவுக்கு நீளவாட்டில் போகிற நூல் மொத்தமும் சுருட்டி வைத்தபடி, கூடவே கஞ்சிப்பானை. எங்கள் ஊரில் பாவை நீட்டிக் கஞ்சி போடப் பாவடி என்று ஒரு பொது இடம் உண்டு. அங்கே முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இங்கேயோ கண்ணெட்டும் தூரம் ஆளில்லாத மணல். அது சும்மா கிடப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"தறியைத் தொடலையே புள்ள. பாவுதானே," என்றான். "செத்த இந்த முனையைப் புடி."

அவள் எழுந்திருக்கவில்லை. மாதையன்தான் பிடித்தான். முளை அடித்து, நீட்டி, கஞ்சி தடவி முடித்த நேரத்தில் ஆற்றுக் காற்று கிளம்பியது.

பாவடியில் இருபுறமும் புளியமரங்கள். காற்று என்று ஒன்று இருப்பதே அவனுக்கு நினைவில்லை. மணல் எழுந்து ஈர நூலின்மேல் படிந்தது. அவன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி உதறினான். உதற உதறக் கஞ்சி தெறித்ததே தவிர மணல் போகவில்லை. தடவிப் பார்த்தேன், எருமை நாக்கு மாதிரி இருந்தது. அதைத் தறியில் ஏற்றினால் நூலெல்லாம் அறுந்துபோகும்.

உண்ணாமலை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஒரு நாளு கேட்டனுங்க," என்றாள். கரையேறித் தங்கை வீட்டுப் பக்கம் நடந்தாள்.

5

இங்கே முடிவுகள் தேவைப்படுகின்றன. பொழுது சாய மாதையன் மாட்டைப் பூட்டிவிட்டான்.

(அ) அவள் ஓடிவந்து வண்டியில் ஏறினாள். 'பால் நிலவில் வண்டி ஊர்ந்தது' என்று எழுதியும் விட்டேன். அமாவாசையில் ஏது நிலவு? கிழித்தேன்.

(ஆ) கந்தவேல் தங்கை வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். இதை அவனைத் தெரியாதவர்கள் நம்பலாம்.

(இ) நடந்தது. வண்டியில் அவனும் நானும்தான் திரும்பினோம். வழியெல்லாம் நூலிலிருந்து மணலை நகத்தால் கிள்ளிக்கொண்டே வந்தான்.

வேறொரு பாவோடு தறி மறுபடி ஓடியது. ஓடியது என்பதா? கொஞ்சம் அடிக்கும், நிற்கும். அவனே எழுந்துபோய்த் தார் சுற்றுவான், மறுபடி குழியில் இறங்குவான். ஒரு சாயங்காலம் என் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, உங்களுக்கு ராட்டை சுத்தத் தெரியுங்களா?"

"தெரியும். சுத்த மாட்டேன்."

"நூலு வேண்டாமுங்க. வெறும் ராட்டையைச் சுத்தினாப் போதும். சத்தத்துக்கு."

நான் கதவைச் சாத்தினேன். பிறகு வெகுநேரம் எழுத ஓடவில்லை. அதுவரை அவனைக் கதையில் ஒரு கஞ்சனாக வைத்திருந்தேன், நேரத்தில் கஞ்சன். அந்தப் பக்கங்களையும் கிழிக்க வேண்டியதாயிற்று.

6

அடுத்த அமாவாசைக்கு ஜேடர்பாளையத்துக்கு நடந்தே போனான். தோளில் துண்டு தவிர ஒன்றுமில்லை. சன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சில நாள் கழித்து வந்து தறியைப் பிரித்து மாதையன் வண்டியில் ஏற்றினான்.

"என்னப்பா, ஊரையே விட்டுப் போறயா?"

"அங்க தெரு நல்ல நீளமுங்க அக்கா. மரமும் இருக்குது. பாவு நீட்டறதுக்குத் தோது."

பெண்டாட்டிக்காகப் போனானா, தெருவுக்காகப் போனானா? பத்திரிகைக்காரர் காரணம் எழுதச் சொல்லிக் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு முடியவில்லை, உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது, யார் எங்கே போனார்கள் என்பது மட்டும்.

மாதையன் போகவர இருந்ததில் சின்னாயியின் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அந்த ஊரோடு தங்கிவிட்டான். நூல் கிடைக்காமல் போனபோது எங்கள் தெருவில் பாதி குமாரபாளையத்துக்குக் குடிபெயர்ந்தது. கந்தவேல் வீட்டில் இப்போது பச்சமுத்து என்ற மண்டிக்காரர். தை மாதம் கல்யாணம் ஆனவர். பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதே கேட்பதில்லை.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு உண்ணாமலை வந்திருந்தாள். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு பேரும் ஆத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"அவரு போயி உக்கோந்துக்குவாருங்க," என்றாள். "நான் ஊட்டுல படுத்துக்குவேன்."