இன்வெர்ட்டர் லைன்

வித்யாலட்சுமி ஸ்டூலில் ஏறி, கூடத்து ஃபேன்களுக்கான ஃப்யூஸைப் பிடுங்கினாள். இரண்டு ஃபேன்களும் சோம்பலாகச் சுற்றி நின்றன. பாயில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஏட்டி, வந்தவங்க உக்காந்திருக்கோம்லா?” என்றாள் வடிவாம்பாள் அத்தை, முந்தானையால் விசிறிக்கொண்டே.

“வெளிய சாரல் அடிக்கு அத்தை. கதவத் தொறந்தா காத்து வரும்.”

“இனி எங்களையும் ஆஃப் பண்ணிருவா போலுக்கு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். வித்யா சிரிக்கவில்லை. ஃபேன், லைட், டிவி எல்லாம் நின்றுவிட்டனவா என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஏதோ ஒன்று விட்டுப்போனதுபோல் இருந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

காலையில் வீசிய காற்றில் இலத்தூர் ரோட்டில் மரம் சாய்ந்து கரண்ட் லைனை இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. பொழுது சாய்ந்துதான் வரும் என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை உள் அறையில் அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும்.

ஐந்தருவியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று நேந்திரங்காய் சிப்ஸ் போட்டே அம்மா ஆனந்தவள்ளியின் நுரையீரல் கெட்டுப்போனது. இனி மருந்தில் ஒன்றுமில்லை, மூச்சுக்குத் துணை மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அப்பா கடைசி நாட்களில் பெரியாஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியாகக் கிடந்ததை அவள் வெளியில் நின்று பார்த்தவள். “என்னய அங்கன போட்டுராத. மூச்சு முட்டாமப் பாத்துக்க, அது போதும்” என்றாள். வித்யா சரி என்றாள்.

அதற்குத்தான் இன்வெர்ட்டர். அம்மாவின் தம்பி தாணுமாலயன் மாமா, போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது. ஆக்சிஜன் மெஷினைச் சொருகியதும் மோட்டார் முனகி, தொட முடியாதபடி சுட்டது. வித்யா அதைக் கழற்றி ஆட்டோவில் திருப்பி அனுப்பினாள். தென்காசியில் கடைக்காரர், “எத்தனை ஃபேன், எத்தனை லைட்டும்மா?” என்று கேட்டார். “ஒரு மெஷின். நிக்கவே கூடாது” என்றாள். மெஷினின் முதுகில் எழுதியிருந்த வாட்ஸைச் சொன்னாள். வீட்டுக் கரண்ட் மாதிரியே அலுங்காமல் கொடுக்கும் சைன் வேவ்தான் மோட்டாருக்கு ஆகும் என்று அவரும் சொன்னார். இரண்டு பேட்டரி போட்டுக்கொண்டாள். மெஷின் மட்டும் ஓடினால் பொழுது அடைகிற வரை தாங்கும்.

கொடுத்ததைத் திருப்பி அனுப்பியதை மாமா மறக்கவில்லை. இப்போது அறை வாசலில் நின்றார்.

“இப்பமும் ஒண்ணும் கெட்டுப்போகல. திருநேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். பெட்டிய நம்பி உசிர வைக்க முடியுமாட்டி?”

கட்டிலில் சாய்ந்திருந்த ஆனந்தவள்ளி கண்ணைத் திறந்தாள். “ஏலே தாணு,” என்று நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ஸ்டேஷன்ல உருட்டுத மாதிரி... இங்கன உருட்டாத.”

“ஒன் நல்லதுக்குத்தாம்க்கா சொல்லுதேன்.”

“நல்லதுக்குத்தான்... எல்லாவனும் சொல்லுதான்.”

மாமா ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கூவியது. சிவப்பு லைட் எரிந்தது. மெஷினின் இரைச்சல் அறுந்து அறை அமைதியானது. அம்மா வாயைத் திறந்து காற்றைத் தேடினாள்.

வித்யா அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து மூக்குக் குழாயை அதில் மாட்டினாள். அடுக்களைக்கு ஓடினாள். பிரிட்ஜ் பக்கத்துப் பிளக்கில் எலெக்ட்ரிக் கெட்டில் செருகியிருந்தது. கேஸ் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததால் வந்தவர்களுக்குக் கடுங்காப்பி போட அத்தை அதில் வெந்நீர் வைத்திருந்தாள். அந்த ஒரு பிளக்கும் இன்வெர்ட்டர் லைன்தான்; கெட்டில் இழுத்த கரண்டை அது தாங்கவில்லை. விட்டுப்போனது அதுதான்.

வித்யா பிளக்கைப் பிடுங்கினாள். இன்வெர்ட்டரை அணைத்துப் போட்டாள். மெஷின் ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. சிலிண்டரை மூடி, மூக்குக் குழாயை மறுபடி மெஷினில் மாட்டினாள்.

“கொஞ்சூண்டு தண்ணிதானட்டி வச்சேன்,” என்றாள் அத்தை. முகம் வெளிறியிருந்தது.

“நான்தான் பாக்காம விட்டுட்டேன் அத்தை. நீங்க போய் உக்காருங்க.”

மாமா உள்ளே வந்தார். “பாத்தியா? சொன்னேன்லா? ஆம்புலன்ஸ் வருது. துணிமணிய எடுத்து வை.”

வித்யாவுக்கு ஒரு கணம் அவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது. இன்னும் எந்தப் பிளக் விட்டுப்போயிருக்கிறதோ. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த பையன்கள் அறைக்குள் நுழைய முடியாதபடி வித்யா வாசலில் நின்றாள்.

“அம்மா வரல. நீங்க போங்க தம்பி.”

“வழிய விடுட்டி,” என்றார் மாமா. “நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? கரண்ட் இல்லாத வீட்டுல போட்டுக் கொன்னுட்டாங்கன்னு சொல்லாதா?”

“ஊரு வந்து மூச்சு விட்டுக் குடுக்காது மாமா. அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நான் நகர மாட்டேன்.”

“நீ யாரு முடிவெடுக்க?”

“அப்ப அவகிட்டயே கேளுங்க.”

மாமா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆனந்தவள்ளி கட்டில் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்து, வடாகத்தில் உட்காரும் காக்கையை விரட்டுவதுபோல் வீசினாள். ஸ்ட்ரெச்சர் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவங்களுக்கு நெனவு தெளிவா இருக்கு சார்,” என்றான் ஒருவன். வண்டி திரும்பிப் போனது. மாமா குடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு நடையில் போய் நின்றுகொண்டார்.

மதியம் மழை வலுத்தது. அம்மா ஒரு வாய் தண்ணீர் கேட்டாள். வித்யா டம்ளரில் எடுத்துவந்து கரண்டியால் விட்டாள். பாதி உள்ளே போனது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. வித்யா காத்திருந்தாள். பிடி தளர்ந்தது. மெஷின் மட்டும் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

அவள் அதை அணைக்கவில்லை.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு அழுதபடி வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஆள் கூடியது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: “கரண்ட் இல்லாம மிஷினு நின்னு போச்சாம்லா. மூச்சு முட்டியே போயிட்டா, பாவம்.”

வித்யா எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு நடையிலிருந்து மாமா குடையை விரிக்காமல் நனைந்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, உள்ள வாங்க.”

அவர் அக்காவின் கால்மாட்டில் நின்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். வித்யா அம்மாவின் மூக்கிலிருந்து குழாயை மெல்லக் கழற்றினாள். கன்னத்தில் அதன் தடம் இருந்தது. குழாயின் நுனியை டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரில் அமுக்கினாள். குமிழிகள் பொங்கி வந்தன. மெஷினைப் பார்க்க வரும் மெக்கானிக் ஆக்சிஜன் வருகிறதா என்று இப்படித்தான் சோதிப்பான்.

“பாருங்க மாமா.”

மாமா குனிந்து பார்த்தார். மெஷின் மேல் கையை வைத்தார். அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல் வெகு நேரம் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“எவம்லே சொன்னது, மிஷின் நின்னு போச்சுன்னு?” ஸ்டேஷன் குரல் தெருவின் கடைசி வரை கேட்டது. “எங்க அக்கா அவ வீட்டுல, அவ கட்டில்லதான் போனா. மிஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு. உள்ள வந்து பாரு. வாலே, செருப்பக் கழத்திட்டு வா.”

ஈரக் கால்களோடு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் டம்ளரைப் பார்த்தார்கள். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். வித்யா கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கிய பிறகும் குழாயைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே இருந்தாள்.