உறையக் கூடாதவை

2018 டிசம்பர் 8, சனிக்கிழமை காலை. வட மின்னசோட்டாவில், லாம்பி தம்பதியின் வீட்டுக் கொல்லையில் வெப்பநிலை பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கும் ஆறு டிகிரி கீழே இருந்தது.

டார்லீன் லாம்பி கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். வேலிக்கு அப்பால் பனி வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கஸ் நிமிர்ந்தார்.

"என்ன டார்லீன், வென்டெல் உன்னை வீட்டை விட்டே துரத்திட்டானா?"

"துரத்தினா அவன் ஏன் என்கூட இங்க வந்து படுக்கறான்?"

சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவள் தூங்கியிருக்கவில்லை. முன்பே எழுந்துபோய்ச் சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த கணவன் வென்டெல் அவளைப் பார்த்ததுமே அதைக் கண்டுகொண்டான்.

"பேட்டரி எப்பச் செத்துச்சு?"

"அது எதுக்கு உனக்கு?"

"எத்தனை தடவை என்னை இடிச்சே?"

"இடிக்கலேன்னா நீ மூச்சு விட மறந்துடறே."

வசந்தத்திலிருந்தே வென்டெலுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. முகமூடி வழியே காற்றை ஊதும் இயந்திரம் ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஜனவரியும் இருவரும் சறுக்கு வண்டியில் சாமான்களை இழுத்துக்கொண்டு மாநிலப் பூங்கா ஏரியின் அக்கரைக்குப் போவார்கள். அங்கே மின்சாரம் கிடையாது. அதனால்தான் பேட்டரி, அதனால்தான் கொல்லையில் இந்த ஒத்திகை.

"இந்தத் தடவை வேணாம்" என்றான். "நீ உன் தங்கச்சியோட போயிட்டு வா."

"அவளா? ஓட்டல்லயே குளிருதுன்னு சண்டை போடுறவ. பூங்கா வாசல் பக்கம் கரன்ட் இருக்கற இடமா எடுத்துக்கலாமே?"

"அதுக்கு நம்ம ஹாலே போதுமே. டிவியும் இருக்கு."

வேடிக்கையாகச் சொன்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் இல்லாத அக்கரையை டார்லீன் நினைத்துப் பார்த்தாள். அடுப்பு மூட்டி, காபி போட்டு, யாரிடம் குளிரைத் திட்டுவது?

சாமான்களை எடுக்கக் கூடாரத்துக்குத் திரும்பினாள். தூக்கப்பைகளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன: பூட்ஸின் உள்ளுறைகள், தண்ணீர் புட்டி, டார்ச், அவளுடைய கான்டாக்ட் லென்ஸ் டப்பா. உறையக் கூடாதது எதுவானாலும் நம்மோடு பைக்குள் படுக்க வேண்டும் என்பது பனியில் கூடாரம் போடப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் வென்டெல் சொல்லும் முதல் பாடம். பேட்டரி மட்டும் கூடார மூலையில், மேலே வெள்ளையாகப் பனி பூத்துக் கிடந்தது.

அதைக் கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் வைத்தாள்.

"குளிர்ல செத்துடும்னு டார்ச்சுக்குப் பைக்குள்ள இடம் இருக்கு. இதுக்கு இல்லியா?"

வென்டெல் அதன் மேலிருந்த பனியை விரலால் வழித்தான். "ஆஸ்பத்திரிச் சாமானோட படுக்க எனக்குப் பிடிக்கலை."

"எனக்குப் பிடிக்கும். என்கிட்ட படுக்கட்டும்."

"வயர் எட்டாது."

"ரெண்டு பையையும் சேர்த்து ஜிப் போட்டா எட்டும்."

ஒன்றுக்கு இடப்பக்கமும் மற்றதற்கு வலப்பக்கமும் ஜிப் வைத்த பைகள் அவை. கல்யாணமான புதிதில் பார்த்துப் பார்த்து வாங்கியவை. ஒன்றாகச் சேர்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ஐஸ் கட்டி மாதிரி காலைத் தூக்கி என்மேல போடுவே."

"போடுவேன்."

"சாக்ஸ் போட்டுக்குவியா?"

"யோசிக்கறேன்."

அன்றிரவு மறுபடியும் கொல்லையில் படுத்தார்கள். குளிர் இன்னும் கூடியிருந்தது. டார்லீன் கண் விழித்தபோது கூடாரத் துணியில் வெயில் ஏறியிருந்தது. அவளுடைய வயிற்றுச் சூட்டில் பேட்டரியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வென்டெல், முகமூடிக்குள் சீராக மூச்சு விட்டபடி தூங்கினான். அவன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை வென்டெலே பூங்காவுக்குப் போன் செய்தான். ஜனவரி 18 முதல் இரண்டு இரவுகளுக்கு, ஏரியின் அக்கரையில், இரண்டு பேருக்கு இடம் பதிவாயிற்று.