கட்டாத கோழி

பழைய வேட்டியைக் கிழித்துத் தசரதனின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், இன்று சனிக்கிழமை என்பது பொன்னியம்மாளுக்கு உறைத்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. புருஷன் மூச்சு அடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதுவரை அழ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது ஒன்று வந்தது. அது துக்கம் இல்லை, பயம்.

சனிப் பிணம் தனிப் போகாது. திரிசூலம் மலையடிவாரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. சனிக்கிழமை செத்தவன் துணைக்கு இன்னொரு உயிரைத் தேடுவான். பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்பிவிட்டால் அதோடு போகும். கட்டாவிட்டால் அந்த வீட்டிலேயே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

உள்ளறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், எட்டு மாத வயிற்றோடு மகள் சாமுண்டீஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை.

"யம்மா, கதவத் தொற. ஒரே ஒரு தரம் அப்பாவப் பாத்துக்கறேன்."

"மாசமாக் கீறவ பொணத்தப் பாக்கக் கூடாது. கம்முனு உள்ளயே இரு" என்றாள் பொன்னியம்மாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

தசரதன் கல்குவாரியில் வெடி வைக்கிற மேஸ்திரி. நெஞ்செல்லாம் கல்தூசி படிந்து, ஒரு வருஷமாக இருமி இருமியே ஆள் பாதியாகிப் போனவர். பல வருஷங்களுக்கு முன்னால் குவாரியில் ஒருநாள் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்காமல் போனது. பார்த்துவிட்டு வரச் சொல்லி விரட்டினார்கள். தசரதனும் கூட்டாளி ரத்தினமும் போனார்கள். பாதி வழியில் 'நில்' என்று யாரோ சொன்னது போலிருந்ததாம். தசரதன் நின்றார், ரத்தினம் நிற்கவில்லை. ரத்தினத்தைச் சாக்கில்தான் அள்ளி எடுத்து வந்தார்கள்.

சொன்னது யார் என்று பைத்தியம் பிடித்தவர் போல விசாரித்துக்கொண்டு திரிந்தவரை, ஜல்லி லாரி ஓட்டும் சவுரிமுத்து பம்மலில் ஒரு மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கூடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். ஞாயிற்றுக்கிழமை கூடமாட்டார்கள், சனிக்கிழமைதான். கடவுள் ஓய்ந்திருந்த நாள் அது, மேசியாவான இயேசுவும் அந்த நாளைத்தான் கைக்கொண்டார் என்பார்கள். இயேசுவை அவர் தாய் கூப்பிட்டது போல யேசுவா என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது விளக்கேற்றி வைத்தால், மறுநாள் பொழுது சாயும்வரை வேலை கிடையாது, அடுப்பும் கிடையாது.

பொன்னியம்மாள் இதற்காகச் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமையே புளிச்சோறு கிளறி வைத்துவிடுவாள். மறுநாள் அவர் சபைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் கங்கையம்மன் படத்துக்குக் கற்பூரம் கொளுத்திவிடுவாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இத்தனை வருஷமும் இப்படியே ஓடியது. இரண்டு சாமியும் அவளிடம் குறை சொன்னதில்லை.

"கேக்கணும் பொன்னி" என்பார் அவர். "மொதக் கட்டளையே 'கேளு'ங்கிறதுதான். மத்ததெல்லாம் அப்புறம். பாலைவனத்துல ஜனம் தண்ணிக்குத் தவிச்சப்ப, பாறையப் பாத்துப் பேசுன்னு மோசேகிட்ட சொன்னாரு சாமி. மோசே இன்னா பண்ணாரு? கோவத்துல கோலால அடிச்சாரு. தண்ணி வந்துச்சு. ஆனா குடுக்கறேன்னு சொன்ன நாட்டுக்குள்ள அவரால போவ முடியல. நானும் பாறைய அடிச்சவன்தான். அடிக்கிறது சுளுவு. கேக்கறதுதான் பேஜாரு."

"அது அவ்ளோ பெரிய பாறையா?"

"மேசியாதான் அந்தப் பாறை. பாலைவனம் பூரா அவங்க கூடவே வந்துச்சு."

"பாறை எங்கனா நடக்குமா?" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் ரத்தினத்துக்கு ஏன் கேட்கவில்லை என்று ஒருநாள் அவள் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "தெரியல. அவனுக்கும் சொல்லியிருப்பாரு. எனக்கே அதுக்கு மின்ன எத்தினி வாட்டி சொன்னாரோ, நான் கேட்டனா?" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டொரு தடவை அவளும் அந்த மாடி அறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும் சத்தம்தான் கேட்டது.

நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் சைகை காட்டிக் கூப்பிட்டார். பேச்சு நூலாக வந்தது.

"நாளைக்குச் சனி. கோழி கட்டுவானுங்க. கட்ட வுடாத."

"அச்சானியமாப் பேசாம கம்முனு படு."

"நான் தனியாப் போவல பொன்னி. வேற உசுரு ஒண்ணும் வேணாம். சரின்னு சொல்லு."

அவர் வாயை அடைத்தால் போதும் என்று அவள் தலையை ஆட்டிவைத்தாள். அப்படி ஆட்டியதுதான் இப்போது கழுத்தை நெரித்தது.

பந்தல் போட்டார்கள். குரோம்பேட்டையிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் உறவு ஜனம் வந்து இறங்கியது. சவுரிமுத்து சபை ஆட்கள் நாலு பேரோடு வந்து, பந்தலுக்கு வெளியிலேயே கைகட்டி நின்றுகொண்டார். தசரதனின் அண்ணன் ஜெயவேலு தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கப் போனார். அவர் கெட்டவர் இல்லை. மேளம் வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்தான், சரி என்றார். சங்கு வேண்டாம், அதுவும் சரி. அந்தத் தெருக்காரர்களுக்குப் புதைப்பதுதான் வழக்கம் என்பதால் அதிலும் தகராறு இல்லை. பாடை கட்டி முடிந்ததும் அவர் ஒரு கறுப்புக் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பொன்னியம்மாள் அவர் எதிரில் போனாள். "மாமா, அத்தக் கட்ட வேணாம்னு அவரு..."

"இன்னாது?"

"அவரு சொல்லிட்டுப் போனாரு."

"அவன் ஆயிரம் சொல்வான். மேளம் வேணாம்னான், வுட்டேன். இது அவன் விசயம் இல்லமே. உள்ள ரெண்டு உசுரு கீது. அதுக்கு இன்னா பதில் சொல்லப் போற?" ஜெயவேலு கோழியின் காலைப் பாடையின் மூங்கிலோடு சேர்த்துக் கட்டினார். கோழி ஒருமுறை படபடத்துவிட்டு அடங்கியது. கூட்டத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது போலிருந்தது. அவளுக்கும்தான் வந்தது. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

அவள் சவுரிமுத்துவிடம் போனாள். "அண்ணா, நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. கட்டலாமா, கூடாதா?"

சவுரிமுத்துவின் கண் கலங்கியிருந்தது. "நான் சொல்லி நீ செஞ்சா அது என் வார்த்தையாப் பூடும் தங்கச்சி. அவரு உன்கிட்டதானே சொன்னாரு?"

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாரா வாரம் வாய் வலிக்கப் பேசுகிற மனுஷன், வேண்டிய நேரத்தில் இப்படிக் கைவிரித்துவிட்டு நிற்கிறாரே. திரும்பி வந்து உள்ளறைக் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"யம்மா" என்றாள் சாமுண்டீஸ்வரி அந்தப் பக்கத்திலிருந்து. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "பெரியப்பா கட்டட்டும்மா. எனக்குப் பயமாக் கீது."

பொன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தசரதனுக்குச் சொன்னது போல எனக்கும் ஒரே ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சினாள். எந்தச் சாமியிடம் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு குரலும் வரவில்லை. ஒப்பாரி கேட்டது, பெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்டது. குரல் வந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். 'சாமியே சொல்லிடுச்சு' என்று எல்லோர் வாயையும் அடைத்திருக்கலாம்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. புதிதாக யார் வந்து என்ன சொல்ல வேண்டும்? நேற்றே சொல்லியாயிற்று. அவள் காது கேட்கத்தான் சொல்லியாயிற்று. கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி இன்றைக்கு ஊரெல்லாம் போய் விசாரித்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

பயம் போகவில்லை. இன்னும் சொல்லப்போனால் அதிகமாகத்தான் ஆனது. வேர்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோழியின் கால்முடிச்சை அவிழ்க்க முயன்றாள். ஜெயவேலு கட்டிய கட்டு, லேசில் அவிழுமா? குனிந்து பல்லால் இழுத்தாள். கோழி அவள் கன்னத்தில் இறக்கையால் அடித்தது.

"பொன்னி! இன்னா பண்ற நீ? பெத்த பொண்ணையே..." என்று யாரோ ஒருத்தி கத்தினாள்.

முடிச்சு அவிழ்ந்தது. கோழி தடுமாறி எழுந்து கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து ஓடியது.

"அவரு தனியாப் போவல மாமா" என்றாள் பொன்னியம்மாள். "அவரு கூட ஆளு கீது. துணைக்கு யாரும் வேணாம்."

ஜெயவேலு அவளை முறைத்தார். கை ஓங்கிவிடுவாரோ என்று கூட்டம் ஒதுங்கியது. "நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னு வெய்யி, என் மூஞ்சில முழிக்காத" என்றார். சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம்பியின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தார். இன்னொரு தோளுக்குச் சவுரிமுத்து வந்து நின்றார். ஜெயவேலு அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார். மேளமும் சங்கும் இல்லாமல் பாடை கிளம்பியது. அத்தனை பேர் நடக்கிற காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தெருவே வாயடைத்து நின்றது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலை முழுகினார்கள். அவளிடம் ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒவ்வொருத்தியாக, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினாள். வெயில் சாயும்போது வீட்டில் தாயும் மகளும்தான் மிஞ்சினார்கள்.

உள்ளறைக் கதவைத் திறந்தாள். சாமுண்டீஸ்வரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொண்டுபோன காப்பியை வாங்கவில்லை.

"ரெண்டு வாய் குடிச்சுடும்மா. காலையிலருந்து பட்டினி."

மகள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அசையல."

"இன்னாது?"

"கொழந்த. அப்பாவத் தூக்கினாங்களே, அப்பலருந்து அசையவே இல்லம்மா." திரும்பிய முகத்தில் ரத்தமே இல்லை. "நீ ஏம்மா அவுத்து வுட்ட?"

பொன்னியம்மாளின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி தரையில் ஓடியது. ஓடிப் போய் ஜெயவேலு காலில் விழலாமா என்று தோன்றியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் தோன்றியது. அந்தக் கோழி எங்கே போயிருக்கும் என்றுகூட நினைத்தாள், நினைத்ததற்குத் தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் கால் எங்கும் நகரவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லும்மா" என்று சாமுண்டீஸ்வரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லேன்!"

"எனக்குத் தெரியலடி" என்றாள் பொன்னியம்மாள். "மல்லாக்கப் படு. அழாத. கொஞ்சம் கம்முனு இரு."

புடவையை விலக்கி மகளின் வயிற்றில் காதை வைத்தாள். முதலில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டாள். மலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போய் முடிகிறவரை காத்திருந்தாள். அப்புறம் தெருவில் யாரோ குடம் வைத்தார்கள். அதுவும் அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தன் தலைமயிருக்குள் மகளின் விரல்கள் இறுகுவதை உணர்ந்தாள். காதை எடுக்கவில்லை.

அவள் கன்னத்தில் உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது.

சாமுண்டீஸ்வரி பெருமூச்சு விட்டாள். பொன்னியம்மாள் தலையை எடுக்காமல் அப்படியே கிடந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது, மகளின் வயிறு நனைந்தது.