இரண்டாவது சந்திப்பு

சான் அன்டோனியோ நகரத்தின் மேற்குப் பக்கம், மாதா கோவில் கூடம். எர்லிந்தா பதிமூன்று பேருக்கு ஒன்பது நாளாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மழைக்கு மழை தெரு மூழ்குகிறது, நகரசபையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதுதான் பாடம். ஊர் கூடினால்தானே தேர் நகரும்? அதனால் ஆள் சேர்க்க வேண்டும். ஒருவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். வெளியே வந்து அட்டையில் மூன்றே விஷயம் எழுத வேண்டும்: எதற்குக் கோபப்படுகிறார், அவர் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள், மறுபடி சந்திக்கலாமா.

"கடைசிக் கேள்வியில மட்டும் பாவம் பாக்காதீங்க" என்பாள். "வர ஆளில்லாத வீட்டுக்கு ரெண்டாந்தடவ போனா கால்தான் தேயும்."

சொல்வதோடு நிற்கமாட்டாள். அப்படி வீணாய்ப்போன சந்திப்புகளின் அட்டைகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு, பாடத்துக்காக ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவாள். இருபத்திரண்டு வருடத்தில் எட்டு ஊர். ஜனங்கள் சொந்தக்காலில் நிற்கத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும் என்பது அவளை அனுப்பிவைக்கும் சங்கத்தின் சட்டம்.

கடைசி நாள் ஒத்திகைக்கு இருவர் இருவராகப் பிரிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமைக்கும் ஒஃபேலியா மட்டும் துணையில்லாமல் நின்றாள்.

"ஒஃபேலியாக்கா, வாங்க. என்னையே கேளுங்க."

"டீச்சரம்மாவையா? அப்புறம் மார்க்க கொறச்சிராதே."

உட்கார்ந்ததும் ஒஃபேலியா, "உனக்கு எதுக்கும்மா கோவம் வரும்?" என்றாள்.

ஆயிரம் பேரிடம் தான் கேட்ட கேள்வி. தன்னை ஒருவரும் கேட்டதில்லை. எர்லிந்தா மழுப்பத்தான் நினைத்தாள், வாய் கேட்கவில்லை. அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், சவவண்டி வரவில்லை. இரண்டு நாள் அம்மாவைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு, எறும்பு ஏறாமல் பக்கத்திலேயே இருந்தாள். அதையெல்லாம் சொன்னாள். ஒஃபேலியா முன்னால் சாய்ந்து கேட்டாள். கையிலிருந்த இனிப்பு ரொட்டியைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். யாரோ தன்னைக் கேட்கிறார்கள் என்பது எர்லிந்தாவுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. இந்த அம்மாள் இன்னொரு நாள் வந்தால் தேவலையே என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

"நீ கூப்பிட்டா எத்தன பேர் வருவாங்க?"

போன மாதம் ஹூஸ்டனில் இரண்டாயிரம் பேர் கூடினார்கள். ஆனால் அவர்கள் அங்கே அவளிடம் பாடம் படித்த அம்பாரோ கூப்பிட்டு வந்தவர்கள், ஃபாபியான் கூப்பிட்டு வந்தவர்கள். எர்லிந்தா பின்வரிசையில் நின்றிருந்தாள்.

"நேரமாயிடுச்சுக்கா" என்றாள்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அட்டைகளைத் திருத்த உட்கார்ந்தாள். ஒஃபேலியாவின் கோணல் எழுத்து: 'கோபம் உண்மையானது. நல்ல பெண். வருகிறவர்கள்: யாருமில்லை. மறுபடி சந்திக்க: வேண்டாம்.'

தப்புக் கண்டுபிடிக்க இரண்டு தடவை படித்தாள். தப்பு எதுவுமில்லை.

ஒஃபேலியா கதவருகே வந்து நின்றாள். "பாஸா? எழுதும்போது கை வரலம்மா. நீதானே பாவம் பாக்காதேன்ன."

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பாஸ்."

வெளியே ஒஃபேலியா கூட்டிவந்த ஏழு பெண்கள் வண்டியில் ஏறிக்கொண்டு அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

எர்லிந்தா தன் அட்டையைப் போடச் செருப்புப் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தது அவளே எழுதியது. 'தொனாசியானோ, எழுபத்தொன்று, தனியாள். வருகிறவர்கள்: யாருமில்லை. காபி கொடுத்தார். மறுபடி எப்போது வருவீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். மறுபடி சந்திக்க: வேண்டாம்.'

தேதியைப் பார்த்தாள். ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊர் எல் பாசோ. இன்னும் இருப்பாரோ என்னவோ. தன் அட்டையை அவருடையதின்மேல் வைத்தாள். மூடியைப் போட மனம் வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.