சூசையப்பரின் காலுறை

கெண்ட் நகரத்தில் பீப்பாய் செய்யும் லீவனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மனைவி மக்டெல்டுக்கு இருபத்திரண்டு. அவர்களுக்குப் பிறந்த பையனுக்கோ தலைமுடி செக்கச்செவேல் என்று இருந்தது. லீவனின் வம்சத்தில் யாருக்கும் அப்படிக் கிடையாது. பியர்க்கடைக்குள் நுழைந்தாலே, "வாங்க சூசையப்பரே!" என்று மாதாவின் வயதான கணவர் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மனைவியிடமே கேட்டுவிட நினைப்பார், நாக்கு எழாது.

இந்த லட்சணத்தில்தான் ஓவியர் அர்னவுட், கிறிஸ்து பிறப்புப் படத்துக்கு மாதிரியாக இருக்கும்படி மூன்று பேரையும் கூப்பிட்டார். மக்டெல்ட் மாதாவாக மண்டியிட்டாள். குழந்தையை ஒட்டுத்துணியில்லாமல் வெறுந்தரையில் கிடத்தினார்கள். லீவனை மட்டும் மூலையில், சுவரைப் பார்க்க உட்காரவைத்துக் கையில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தார்கள்.

"பட்டப்பகல்ல இது எதுக்குங்க ஐயா?"

"எல்லாம் அடையாளம், பெரியவரே. பாலன்கிட்டருந்து வர்ற ஒளிக்கு முன்னால மனுசன் ஏத்தின வெளிச்சம் ஒண்ணுமே இல்ல."

"அப்ப வெறுந்தரை?"

"கடவுள் ஏழையா வந்தாருல்ல, அதுக்கு."

"என்னை எதுக்கு மூலையில திருப்பி வச்சிருக்கீங்க?"

"சூசையப்பர் பெத்த தகப்பன் இல்லையே! பார்க்கிறவங்களுக்குப் புரியணும்ல? முகத்தைக் கொஞ்சம் குழப்பமா வச்சுக்கங்க." எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், இப்பவே சரியாத்தான் இருக்கு" என்றார்.

லீவன் யோசித்தார். இத்தனை பேர் இருக்கும் ஊரில் தன்னை ஏன் தேடிப் பிடித்தார்? நரைத்த தாடிக்காகவா? இல்லை, இவருக்கும் ஏதாவது தெரியுமா? திரும்பி மக்டெல்டின் முகத்தைப் பார்த்தால் விளங்கிவிடுமோ? திரும்பக் கூடாது என்று உத்தரவு.

டிசம்பர் குளிர். குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு அழுகை தேய்ந்து வெறும் விக்கலாயிற்று.

"ஐயா, புள்ள விறைக்குதுங்க" என்றாள் மக்டெல்ட்.

"கொஞ்சம் பொறும்மா. யாரும் அசையாதீங்க!"

லீவன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். தொடைவரை நீண்ட கம்பளிக் காலுறைகளைக் கழற்றினார். சந்தேகம் கழலவில்லை, அது இருந்த இடத்தில்தான் இருந்தது. வெறுங்காலோடு போய்ப் பிள்ளையைக் காலுறைகளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பெரியவரே, படமே கெட்டுது!"

"சூசையப்பர் தன்னோட காலுறையிலதான் பாலனைச் சுத்தினாருன்னு ஆஹன் ஊர்ப் பெரிய கோயில்ல அந்தக் காலுறையையே காட்டிச் சொல்றாங்கல்ல? அதையும் வரைங்க. அதுவும் அடையாளம்தான்."

இப்போது அவள் முகம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. அழுகிறாளா, பயப்படுகிறாளா, அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"இப்ப வேண்டாம்" என்றார் லீவன். "புள்ள தூங்குறான்."