பதினாறு தானியச் சோறும் ஒரு பொய்யும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாத இதழ் என்னிடம் கேட்டது வெறும் சமையல் குறிப்பு: வீட்டிலேயே பலதானியச் சோறு சமைப்பது எப்படி. 'இரண்டு கோப்பை அரிசியைக் கழுவி' என்று எழுதும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். அரிசி இன்னும் அந்த வரியிலேயே கிடக்கிறது.

2

வட ஜப்பானின் மொரியோகாவில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

கீழ்வீட்டு குனிஹிகோவுக்கு எழுபத்தெட்டு வயது. சின்ன வயதில் குதிரைவாலிச் சோறு தின்று அலுத்தவர். சம்பளம் வாங்கிய நாளிலிருந்து வெள்ளைச் சோற்றைத் தவிர எதையும் தொட்டதில்லை. போன மாதம் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தார். மருத்துவர் சொன்னதை அவர் மறந்துவிட்டார். மனைவி தமாயோ மறக்கவில்லை. பதினாறு தானியப் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, அரிசியோடு கலந்து சமைத்து வைத்தார்.

"கோழித் தீவனமா?" என்று கிண்ணத்தைத் தள்ளினார் குனிஹிகோ.

மறுநாள் காலை தமாயோ ரயிலேறி ஹச்சினோஹேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறை.

3

ஐந்தாம் நாள் கதவைத் தட்டியது குனிஹிகோதான். கையில் அந்தப் பாக்கெட்.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எழுத்தா இது? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தண்ணி எவ்வளவு?"

"எனக்கும் தெரியலையே. வீட்டம்மாகிட்டயே கேட்டுடுங்களேன்."

[எனக்கு நன்றாகத் தெரிந்தது. நல்லெண்ணத்தில் பொய் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். கதை வேண்டியிருந்தது.]

4

அங்கேயே நின்று மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்குக் காது மந்தம்; ஒலியைக் கூட்டியே வைத்திருப்பார். அதனால் தமாயோவின் குரல் எனக்கும் கேட்டது.

"நான்தான்."

"தெரியுது."

"அந்தத் தீவ... அந்தப் பாக்கெட்டுக்குத் தண்ணி எவ்வளவு?"

"ஏன், கோழி வாங்கிட்டீங்களா?"

"பசிக்குது, தமாயோ."

"வெள்ளரிசி மூட்டையா இருக்கே."

"இருக்கு."

"வழக்கமா வைக்கிற தண்ணி. அதுக்கு மேல, தானியம் ஒரு ஸ்பூன்னா தண்ணி ரெண்டு ஸ்பூன். சிட்டிகை உப்பு. அரை மணி ஊறணும். உங்களுக்கு எங்க பொறுமை!"

"ரெண்டு பேருக்குன்னா?"

"ரெண்டாவது ஆள் யாரு?"

5

இங்கே அவரை 'நீதான்' என்று சொல்லவைத்து ஒரு பிரதி எழுதினேன். நானே கண் கலங்கினேன். கிழித்துவிட்டேன். நடந்தது வேறு. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காது சிவந்தது.

"மேல்வீட்டு எழுத்தாளர்," என்றார்.

"ஓ," என்றார் தமாயோ. "அவருக்கு நல்லா வெந்திருக்கணும். பல் சரியில்ல." இணைப்பைத் துண்டித்தார்.

6

ஆக, அவர் சமைத்தார்; நான் சாப்பிட்டேன்.* கறுப்பரிசிச் சாயம் இறங்கி, சோறு கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. குனிஹிகோ ஒரு வாய் எடுத்து நெடுநேரம் மென்றார்.

"கெட்டதா ஒண்ணும் இல்ல," என்றார். "அன்னிக்கே மென்னு பாத்திருக்கலாம்."

மீதியைச் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்துத் துணியில் முடிந்தார். மேல்கோட்டை மாட்டினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரிந்தே கேட்பதும் பொய்தான்; ஒருநாளைக்கு ஒரு பொய் போதும்.

* தமாயோ சொன்னது சரி. என் பல் சரியில்லை.

7

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ரயில் நிலையம் போகும் பேருந்துக்கான நிறுத்தத்தில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை எழுந்தார், வீட்டுப் பக்கம் இரண்டடி நடந்தார், திரும்பிப் போய் உட்கார்ந்தார். பேருந்து வந்து நின்று அவரை மறைக்கிறது.

பொய் சொல்லி அவரை இதுவரை தள்ளிவிட்ட கை என்னுடையது. ஏறினார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது.

திரையை இழுத்துவிட்டேன். பேருந்து நகரும் சத்தம் கேட்கிறது. நிறுத்தம் காலியா என்று நீங்கள் பாருங்கள்.